மாணிக்கத்துக்காக நான் வாங்கிய பேச்சு

நாவலில் நல்லவனைப் படைத்தால் ஒரு சால்வையோடு போய்விடும். கெட்டவனைப் படைத்தால் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். என்னைப்போல் மாட்டிக்கொண்ட எழுத்தாளர்களே, கேளுங்கள்.

என் கதாநாயகன் மாணிக்கம், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்தின் மூத்த பிள்ளை. நிலத்துக்கு ஈடாகக் குடும்பத்துக்கு ஒரு வேலைதான். ‘அடுத்த வேலை உனக்கு’ என்று சொல்லி, விட்டுக்கொடுப்பதாகத் தம்பியிடம் கையெழுத்து வாங்கி, தான் பர்மனென்ட் ஆகிறான். பிறகு தம்பியை மறந்துவிடுகிறான். கடைசியில் தம்பி செத்துப்போகிறான்.

நானும் அப்படித்தான் வேலைக்கு வந்தேன். ஆனால் என் தம்பி செல்வம் குள்ளஞ்சாவடியில் பஞ்சர் கடை வைத்து உயிரோடு இருக்கிறான். அவன் கண்ணில் புத்தகம் பட்டுவிடக் கூடாதே என்று வெளியான நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஷிப்ட் பஸ்

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் எலக்ட்ரீஷியன் கோவிந்தசாமி இரண்டே நாளில் படித்து முடித்தார். மாணிக்கத்தைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவரோ என் தோளைத் தட்டி, “அவன் மேல என்னா சார் தப்பு? ஒரு வேலைய ரெண்டா வெட்டியா குடுக்க முடியும்?” என்றார்.

பக்கத்து குவார்ட்டர்ஸ்

ரஹ்மத் அக்கா ஒரு வாரம் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு காய்கறி வண்டி அருகே பிடித்துக்கொண்டார். “அந்தப் பையன் வேலை வரும் வரும்னு காத்துக்கினு கெடக்கறானே, இவனுக்கு மட்டும் எப்படி, தம்பி, சோறு எறங்குது?”

வீட்டில்

என் மனைவி எதுவும் சொல்லமாட்டாள் என்றிருந்தேன். “மாணிக்கம் வூட்டு ஜன்னல் கர்ட்டன் கலரையாவது மாத்தி எழுதியிருக்கக் கூடாதா?” என்றாள்.

குள்ளஞ்சாவடி

மூன்று மாதம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன். செல்வம் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். பம்புக்குப் பக்கத்தில், அட்டையெல்லாம் கிரீஸ் விரல்பட்டு, என் புத்தகம். எனக்கு வெட்கமாக இருந்தது. அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

ஸ்டூலை நகர்த்திப் போட்டு, டீ சொன்னான். பிறகு தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே கேட்டான்: “கையெழுத்து வாங்கனதெல்லாம் சரியா எழுதிட்டு, கடைசில ஏன்ணே என்னச் சாவடிச்சிட்ட? நான் உசுரோட இருக்கறது உனக்கு அவ்ளோ கஷ்டமா இருக்குதா?”

‘அடுத்த பதிப்புல மாத்திடறேன்டா’ என்றேன். அன்று ‘அடுத்த வேலை உனக்கு’ என்றதற்குத் தலையாட்டியவன், இதற்கும் அப்படியே தலையாட்டினான்.