ஸ்டெல்லா டீச்சர் பெரட்டுக்கு வந்த காலை

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை. பத்தாம் தரத்துக்கு வட்டத் தேற்றம் சொல்லிக்கொடுத்து, வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தேன். நான் கத்தினால் பொகவந்தலாவைப் பஜார்வரை கேட்குமென்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அப்போது எங்கள் பாடசாலைக் கிளார்க் வாசலில் வந்து நின்றார்.

"சேர், ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்களாம். காலைல நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, வழியிலயே முடிஞ்சிருச்சாம்."

கையிலிருந்த சோக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் முன்னால் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் இதை எழுத உட்கார்ந்தால் மனசு துள்ளுகிறது. இரங்கல் கட்டுரையில் துள்ளல் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்! அவரோடு வேலை செய்தவர்களுக்கு அது புரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை எங்கள் பாடசாலை அதிபராக இருந்தவர் அவர். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் இங்கே வந்தபோது நான் பிரதி அதிபர். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வந்தவரைப் பார்த்து எரிந்து விழுந்தேன். முதல் நாளே என்னைக் கூப்பிட்டார். "சேர், ஒங்களுக்கு எம்மேல கோவம். இருக்கட்டும். நேரசூசிய மட்டும் நீங்க போட்டுத் தாங்க, எனக்கு அது வராது" என்றார். கோபத்தோடேயே பாட அட்டவணையைப் போட்டுக்கொடுத்தேன். வேறென்ன செய்வது?

அவருக்கு ஒரே ஆசை. உயர்தர வகுப்பில் கணித, விஞ்ஞானப் பிரிவு தொடங்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் செய்த பிள்ளைகள் விடியுமுன்னே பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனார்கள், இல்லாவிட்டால் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். வலயக் கல்விக் காரியாலயத்தில், "பிள்ளைகளைக் காட்டுங்கள், ஆசிரியரைத் தருகிறோம்" என்றார்கள். பெற்றோரோ, "வாத்தியாரக் காட்டுங்க, புள்ளையத் தாறோம்" என்றார்கள். ஒரு மாதத்துக்குள் பெற்றோர் கையொப்பமிட்ட படிவங்கள் போய்ச் சேராவிட்டால் அனுமதி கிடையாது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தோம். நான்கு பேர் வந்தார்கள்! "இந்தச் சனங்களுக்கு அக்கறையே இல்ல டீச்சர்" என்று பொரிந்து தள்ளினேன்.

"பத்து மணிக்கு ஒங்கம்மா கூட்டத்துக்கு வந்திருப்பாங்களா சேர்?"

என் அம்மா கொழுந்து பறித்தவர். வேலை நாளில் மலையை விட்டு இறங்கினால் அன்றைய பேர் போச்சு, நாள் சம்பளமும் போச்சு. நான் படித்த பள்ளிக்கூடத்துக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

"அவங்க வரமுடியாத நேரத்துல கூப்பிட்டது நம்ம பிழை. நாம போவோம்" என்றார் டீச்சர்.

போவதென்றால் எங்கே? பெரட்டுக்களத்துக்கு! காலையில் தொழிலாளர்கள் கூடி, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுப் போகும் இடம். அங்கே நிற்காமல் தப்பித்ததைத்தான் என் வாழ்க்கையின் வெற்றி என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆசிரியர்கள் பாதிப்பேருக்கு அதே நினைப்புத்தான். தோட்டத்துத் தொரையிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருந்தார் டீச்சர். குளிரில் நடுங்கிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லோரும் அவர் பின்னால் போனோம்.

முதலில் புதன்கிழமைக்காக மன்னிப்புக் கேட்டார். ஓர் அதிபர் பெரட்டில் நின்று மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை! பிறகு விஞ்ஞானப் பிரிவு பற்றிச் சொன்னார். கூடையைத் தோளில் போட்டபடி புஷ்பம் என்ற தாய் முன்னால் வந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஒங்க புள்ளய நம்ம ஸ்கூல்லயா விட்டீங்க?"

"இல்லம்மா. என் மகன கண்டிக்குத்தான் அனுப்புனேன். நான் வேல செஞ்ச ஸ்கூல்ல விஞ்ஞானம் இல்ல. ஒங்க பிள்ளைங்களுக்கும் அந்த கெதி வேணாம்னுதான் வந்திருக்கேன்."

"சரிங்க. இப்ப இருக்கிற வாத்திமாருங்க யாரு புள்ளய விடுறாங்க?"

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். எங்கள் பிள்ளைகள் ஒருவர்கூட எங்கள் பாடசாலையில் இல்லை. புஷ்பம் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று ஏறியது. எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது.

"என் மக யாழினி இங்கதான் படிப்பா!" என்று கத்தினேன்.

என் மகளுக்கு உயர்தரம் படிக்க ஹட்டனில் பெரிய பாடசாலையொன்றில் இடம் கிடைத்து, சீருடையும் தைத்தாகிவிட்டது.

திரும்பும் வழியில் டீச்சர், "வீட்ல கேட்டீங்களா சேர்?" என்றார்.

"இல்ல டீச்சர்."

"அடக் கடவுளே! அப்ப நானும் வாறேன். தனியா போனா ஒங்கள முடிச்சிருவாங்க."

வந்தார். என் மனைவி செல்வி அவரையும் விட்டுவைக்கவில்லை. "பெரட்டுல பேரு வாங்க எம்மகதான் கெடச்சாளா?" என்று கேட்டாள். டீச்சர் சமாளிக்கவில்லை. "பௌதிகவியலுக்கு இன்னும் ஆளில்ல. வருவாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஆள் வர்ற வரைக்கும் நான் தூங்க மாட்டேன்" என்றார். கடைசியில் யாழினிதான், "இங்கயே படிக்கிறேம்மா, நாலரைக்கு எழும்ப வேணாம்ல" என்று முடித்துவைத்தாள். செல்வி படிவத்தில் கையொப்பம் போட்டாள். அதற்குப் பிறகு டீச்சரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரமே படிவங்கள் குவிந்தன! ஆசிரியர்களும் வந்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள் தங்க இடமின்றி, குளிர் தாங்காமல், அடுத்த மாதமே இடமாற்றம் கேட்டு எழுதுவார்கள். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? தனக்குத் தந்த அதிபர் குவாட்டர்ஸை இரண்டு பட்டதாரிப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, லிந்துலையில் தங்கை வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தார். "நான் இல்லாட்டி ஸ்கூல் நடக்கும் சேர், பௌதிகவியல் இல்லாட்டி நடக்காது" என்பார்.

முதல் தொகுதிப் பெறுபேறு வந்த நாள் பட்டாசு வெடித்தது. மூன்று பேர் பல்கலைக்கழகத்துக்கு! அதில் புஷ்பத்தின் மகன் ஒருவன். யாழினி இல்லை.

நான் உடைந்துபோனேன். டீச்சர் அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். செல்வி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். டீச்சர் யாழினியின் பக்கத்தில் உட்கார்ந்து, "தோத்தது நீ இல்ல, முதல் வருஷம் நடத்தத் தெரியாம நடத்துன நாங்க. இன்னொரு தடவ எழுதும்மா, இந்தத் தடவ நாங்க ஒழுங்கா படிப்பிக்கிறோம்" என்றார். பழியைப் பிள்ளைமேல் போடாத அதிபர்! எழுதினாள். பௌதிக விஞ்ஞானத்துக்குத் தெரிவானாள். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவள் தம்பி, எங்கள் சின்னவன், அடுத்து உயர்தரம் படிக்கப் போகிறான்.

வியாழக்கிழமை மாலை தேவாலயத்துக்குப் பின்னால் அடக்கம் நடந்தது. மலையிலிருந்து நேராக வந்த சனம் பாதை முழுக்க நின்றது. மண் போடும் முறை வந்தபோது செல்வி என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள்.

"டீச்சர், ஒங்களோட பேசாம இருந்துட்டேன். மன்னிச்சிருங்க. ஹட்டன் ஸ்கூல்ல இருந்து சின்னவனக் கேட்டு போன் பண்ணாங்க. வேணாம்னுட்டேன். அவனும் நம்ம ஸ்கூல்லதான் படிப்பான்."

மண் பெட்டியில் விழுந்தது. எனக்கு அது புதுச் செய்தி.

போய் வாருங்கள் டீச்சர். சின்னவனைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்.