பிளேட்டில் அடங்காத பாதி

நாச்சம்மாள் பாட ஆரம்பித்தால் மைசூர் மண்டி மொஹல்லாவின் அந்தப் புளி மண்டியில் கைகள் கொஞ்சம் மெதுவாகிவிடும். முதலாளி மல்லப்பனுக்கு அது பிடிக்காது. ஆனாலும் தூணோரம் வந்து நின்று கடைசிவரை கேட்பார். கேட்டு முடித்த பிறகுதான் கோபப்படுவார். முதலாளிகளின் கோபத்துக்கும் ஒரு நேரங்காலம் உண்டு.

அவள் கோயமுத்தூர் ஜில்லாவின் கடைக்கோடியில், காவிரியோரக் காட்டில் இருக்கும் கோபிநத்தத்துக்காரி. அக்கா சித்தம்மாவின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைசூருக்கு வந்தவள், பதினேழு வருஷமாகப் புளி தட்டிக் கொட்டை எடுத்துப் பிழைத்தாள். அவளுக்கென்று இருந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். அதுவும் அக்காவைப் பற்றியது.

காவிரி புரண்டு வந்த ஓர் ஆடி மாசம், பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு அக்கரை மருத்துவச்சியைக் கூட்டிவரச் சித்தம்மா பரிசல் ஏறினாள். அந்த வெள்ளத்தில் ஒரு நடைக்கு ஒரு ஆளைத்தான் ஏற்ற முடியும். மருத்துவச்சியை முதலில் அனுப்பிவிட்டு அவள் அக்கரையில் நின்றாள். பரிசல்காரன் திரும்பிப் போய் அவளை ஏற்றிக்கொண்டு வரும்போது பரிசல் கவிழ்ந்தது. இரண்டு உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காவிட்டால் என்ன, ஊருக்குக் கதை கிடைத்துவிட்டது: சித்தம்மா பரிசல்காரனோடு ஓடிவிட்டாள்! மருத்துவச்சி தலையில் அடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அதில் ருசி இல்லையென்று ஊர் ஒதுக்கிவிட்டது. சித்தம்மாவின் புருஷன் மனம் நொந்துபோய், மூன்றே மாசத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டு ஒருவாறு தேறினான்.

பாட்டைக் கட்டியதில் நாச்சம்மாள் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். என் அக்கா உத்தமி என்று தொடங்கினால் எவர் உட்கார்ந்து கேட்பார்கள்? அதனால் ஊர் பேசியதையே முதலில் பாடுவாள். "தொட்டில் புள்ளைய விட்டுப்போட்டுப் பரிசல் ஏறிப் போனாளே" என்று இழுத்து, அங்கே நிறுத்துவாள். கேட்கிறவர்கள் "சீ, இவளும் ஒரு பொம்பளையா!" என்று வாய்விட்டு வைய வேண்டும். வையும்வரை புளியைத் தட்டிக்கொண்டு காத்திருப்பாள். அதன் பிறகுதான் ஆற்றைக் காட்டுவாள். வைத வாய்களெல்லாம் கடைசியில் முந்தானைக்குள் போய்விடும். மண்டிக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருத்தியும் இதில் ஒரு தடவை மாட்டிக்கொண்டவள்தான்.

இந்தப் பாட்டைச் சக்ரபாணி கேட்டுவிட்டார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா, ஆர்மோனியம் வாசிப்பார். சங்கீதத்தில் தமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவரே. பெங்களூருக்கு ஒரு கிராமபோன் பிளேட் கம்பெனி வந்திருந்தது. நாச்சம்மாளை ரயிலேற்றி அங்கே கூட்டிப் போனார்.

"மூணு நிமிஷந்தான் நாச்சம்மா. அதுக்குள்ள முடிச்சுடணும்."

"ஏனுங்க சாமி, மூணு நிமிசத்துல அவ அக்கரைக்கே போயிருக்க மாட்டாளுங்களே?"

"கதை யாருக்கு வேணும்? மெட்டுன்னா பிரமாதம்!"

"மறுபக்கத்துல மிச்சத்தைப் பாடிப்போடட்டுங்களா?"

மறுபக்கம் ஏற்கெனவே பேசி முடிந்திருந்தது. அதே மெட்டை அங்கே ஆர்மோனியத்தில் வாசிக்கப்போகிறவர் சக்ரபாணி.

மிச்சத்தை அடுத்த பிளேட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவள் நம்பினாள். ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. பாதிக் கதையைக் கேட்டவர்கள் மீதியைக் கேட்காமல் எழுந்து போவார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. மண்டியில் ஒருத்தியும் அப்படிப் போனதில்லையே.

பிளேட் வந்தது. மண்டிக்கு எதிரே இருந்த ராயர் காபி கிளப்பில் தினமும் கிராமபோன் குழாய் வழியாக நாச்சம்மாள் பாடினாள். "போனாளே" என்ற இடத்தில் முள் கிறீச்சிட்டு நிற்கும். ரசிகர்கள் "சீ" என்பார்கள். இன்னொரு காபி சொல்வார்கள். வைவதற்கு ஒரு பொம்பளையும் குடிப்பதற்கு ஒரு காபியும் கிடைத்த பிறகு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் மாதேவிக்கு வரன் கூடியிருந்தது. பையன் ஜடையன், ஹனூரிலிருந்து மண்டிக்குப் புளி வண்டி ஓட்டி வருகிறவன். வெற்றிலை பாக்கு மாற்ற வேண்டிய நாளில், மண்டியை ஒட்டியிருந்த நாச்சம்மாள் வீட்டுக்கு அவன் அம்மா லிங்கம்மா வந்தாள். வெறுங்கையோடு வந்தாள்.

"எங்கூருச் சந்தையில ஜவுளிக்கடைக்காரரு உம் பாட்டைத்தான் போடறாரு. ஆத்தோட போயிட்டாள்னு எங்கிட்டச் சொன்னே. ஓடிப் போனவ மகளையா எம் மகனுக்குக் கட்டப் பாத்தே?"

பதினேழு வருஷமாகக் கழுவிய பழியை நாச்சம்மாள் தன் வாயாலேயே ஊர் ஊராக அனுப்பிவைத்திருக்கிறாள். மாதேவி தாம்பாளத்தைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள்.

"பாதிதானுங்கக்கா கேட்டிருக்கறீங்க. மிச்சத்தையும் கேட்டுப்போட்டு, வேண்டாம்னா எந்திரிச்சுப் போயிருங்க."

எதிரே பிளேட் ஓடிக்கொண்டிருந்தது. அது "போனாளே" என்று நின்றதும், தெருவில் இறங்கி நின்று அந்த இடத்திலிருந்தே நாச்சம்மாள் எடுத்தாள். வெள்ளம் வந்தது, அக்கரை வந்தது, கிழட்டு மருத்துவச்சி வந்தாள். காபி கிளப்பிலிருந்தவர்கள் தம்ளரோடு வாசலுக்கு வந்தார்கள்; அவர்களில் சக்ரபாணியும் இருந்தார். கரையில் நின்று சித்தம்மா சொன்னதாக மருத்துவச்சி தன் காதால் கேட்டுச் சொன்னது கடைசியில் வந்தது:

"கெழவியக் கொண்டுபோய் மொதல்ல சேரு,
எனக்குத் திரும்பி வா அண்ணா.
எம் புள்ள பாலுக்கு அழுகும்,
வெரசா வந்துரு அண்ணா."

லிங்கம்மா, பாலுக்கு அழுத அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். மாதேவி தாம்பாளத்தை இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.

சக்ரபாணி தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி, கடைசி அடியில சுருதி சேரலை."

"உசுரு போற பொம்பளைக்கிட்டச் சுருதியா பாக்கறீங்க? போயி அந்தக் காபியக் குடிங்க சாமி," என்றாள் லிங்கம்மா.

பிறகு மாதேவியிடமிருந்து தாம்பாளத்தை வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணப் பந்தல்ல இதைப் பாடோணும், நாச்சம்மா."

"கடைசிப் பாதியைங்களாக்கா?"

"மொதல்ல இருந்து. அந்த எடத்துல நல்லா நிறுத்து. சந்தையில அவளை வையாத வாயி எங்கூருல இல்லை. எம் வாயும் வஞ்சுதுதான். பந்தல்லயும் ஒருக்கா வாயார வையட்டும், அப்புறம் மிச்சத்தைப் பாடு. ஒருத்தரையும் எந்திரிக்க உடமாட்டேன்."