பி.டி. சாரின் விசாக் கடிதம்

என் ஆங்கில அகராதிக்குள் ஒரு தாள் கிடக்கிறது. பக்கம் முழுக்க வாட்ஸ்அப் செய்திகள். "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "இனிமேதான்." மறுநாளும் "சாப்டியா?" ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய ஆங்கிலம். அஸ்தினாபுரத்துப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த பி.டி. சாரும், கனடாவில் நர்ஸாக இருந்த அவர் மனைவியும் பேசிக்கொண்ட காதல் மொழி அவ்வளவுதான். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்கே பசி எடுத்துவிட்டது.

கல்யாணமாகி மூன்றே மாதம் சேர்ந்திருந்தார்கள். வேலைக்குத் திரும்பிய மனைவி, சார் அங்கேயே வந்து வாழ ஸ்பான்சர் செய்து விண்ணப்பித்தார். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வயிற்றிலிருந்த பிள்ளையோ காத்திருக்காது. பிரசவத்துக்குள் போய்ச் சேர விசிட்டர் விசா ஒன்றே வழி.

தாம்பரத்தில் ஒரு ஏஜென்ட், "பிரசவம் அது இதுன்னு இழுக்காதீங்க சார், சுத்திப் பாக்கறதுக்குன்னு போடுங்க" என்றாராம். சாரும் அருவி பார்க்கப் போவதாக எழுதினார். நிராகரித்துவிட்டார்கள். பின்னே? பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டி அங்கே இருக்க, அருவி பார்க்கக் கிளம்புகிறவனை, அதிகாரியாக இருந்தால் நானும் உள்ளே விடமாட்டேன். ஸ்டாஃப் ரூமில் பிடித்து நன்றாகத் திட்டினேன். மைதானம் அதிரக் கத்துகிற ஆறடி ஆள் தலையைக் குனிந்து நின்றார். "அவ அங்க தனியா இருக்கா மிஸ்" என்று மட்டும் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த கடிதத்தை நானே எழுத உட்கார்ந்தேன்.

இந்த முறை எதையும் ஒளிக்கவில்லை. அங்கே குடியேற விண்ணப்பித்திருப்பது உண்மை. அது கிடைக்காவிட்டால் விசா நாள் முடிந்ததும் திரும்பிவிடுவார் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதினேன். தலைமையாசிரியை விடுப்புக் கடிதம் கொடுத்தார். தம்பதி என்பதற்குச் சான்றாகத்தான் அந்தச் 'சாப்டியா' மூட்டை.

"பத்தியம் சமைக்க அங்க ஆளில்ல, எனக்கு சமைக்கத் தெரியும்னு எழுதுங்க மிஸ்" என்றார் சார்.

"தெரியுமா?"

"கத்துக்கறேன் மிஸ்."

கற்றுக்கொண்டு வாருங்கள், எழுதுகிறேன் என்றேன். மாடம்பாக்கத்திலிருந்து வரும் கணக்கு டீச்சர் மதிய இடைவேளைகளில் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் சொல்லிக்கொடுக்க, சார் சின்னப் பிள்ளை மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டார். ஒருநாள் குழம்பு வைத்துத் தூக்கில் கொண்டுவந்தார். வாயில் வைக்க முடியவில்லை. எல்லோரும் பாராட்டினோம். கடிதத்தில் 'சமைக்கத் தெரியும்' என்று எழுதாமல் 'சமைத்துத் தருவார்' என்று எழுதினேன்.

விசா வந்த காலை, பிரேயருக்கு நின்ற பிள்ளைகள் முன்னால் வந்து "கெடச்சிடுச்சு!" என்று கத்தினார். என்ன கிடைத்தது என்று தெரியாமலே அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

இப்போது அங்கேயே வாழும் உரிமையும் அவருக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் மைதானத்துக்கு வேறொரு சார் வந்திருக்கிறார். நல்லவர், சத்தம்தான் போதாது. பழையவரை நினைத்தாலே எனக்குச் சந்தோஷம் பொங்கும். குழந்தை பிறந்த அன்று அவர் போன் செய்தபோது வராந்தாவில் நின்றிருந்தேன். கனடாவிலிருந்து அவர் கத்தியது எட்டாம் வகுப்புவரை கேட்டது.

"பொண்ணு மிஸ், பொண்ணு! சும்மா பாக்கத்தானே விசிட்டர் விசா குடுத்தாங்க? உள்ள போனா கத்தரிக்கோலக் கையில குடுத்து, தொப்புள்கொடிய என்னையே வெட்டச் சொல்லிட்டாங்க!"