இருபது விநாடியில் ஒரு ‘முடியாது’

இருபது விநாடி. அதற்குள் என் மகள் பூரணி ஓர் அழைப்பை மறுக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். வேறொரு நாளையும் சொல்ல வேண்டும். எல்லாம் ஸ்பானிஷில்.

லேப்டாப்பில் ஒரு குரல் — தோழியாம் — பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிட்டது. பூரணி மைக்கில் பேசினாள். அப்படி ஒரு சரளம். நடுவில் சிரிப்பு வேறு. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் பெருமை தாங்கவில்லை.

ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஸ்டெல்லா டீச்சர் ரெக்கார்டிங்கை நிறுத்தினார். “மறுக்கச் சொன்னா, கண்டிப்பா பார்க்கிறேன்னு சொல்றா. அப்புறம் அந்தப் பொண்ணோட அம்மா சௌக்கியமான்னு கேக்குறா. டைம் முடிஞ்சு போச்சு.”

பழைய வாசகர்களுக்குப் பூரணியைத் தெரியும். ஜியோமெட்ரி பாக்ஸில் கம்பளிப்பூச்சி வளர்த்தாளே, அவளேதான். இந்த வருஷம்தான் பிளஸ் டூ. ஏற்காட்டில் நான் நூலகராக இருக்கும் பள்ளியிலேயே படித்தாள். ஸ்பானிஷ் மொழியும் பண்பாடும் என்று ஒரு பெரிய தேர்வு. பள்ளிப் பிள்ளைகளுக்கானதுதான், ஆனால் கல்லூரித் தரத்தில் இருக்கும். மொத்தம் ஐந்து மதிப்பெண். அவள் ஆசைப்பட்ட மொழிப் படிப்புக்குக் குறைந்தது நாலு வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். விட்டால் அந்த சீட் போச்சு.

படிப்பதில் குறையே இல்லை. கட்டுரை எழுதுவாள். பெரு நாட்டு ரேடியோ செய்தியைக் கேட்டுக்கொண்டே தலை பின்னுவாள். இந்த இருபது விநாடி உரையாடலில்தான் இடறினாள்.

“அது மரியாதைங்க டீச்சர்,” என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

“மரியாதைதான். மெக்சிகோவுலகூட நேரா மறுக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. ஆனா மறுன்னு கேள்வியிலேயே இருக்கே. இவ மறுக்கலைன்னா மார்க் எப்படி வரும்?”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்கள் வீட்டில் யார் இதுவரை முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் தலைச்சோலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவர் ‘ஆகட்டுங்க’ என்றால் நடக்காது. ‘பாக்கலாமுங்க’ என்றால் நிச்சயமாக நடக்காது. ‘வந்துட்டே இருக்கறனுங்க’ என்றால்... இன்னும் குளிக்கவில்லை. இவர் பெற்ற பிள்ளைக்குத் தமிழிலேயே வராதது ஸ்பானிஷில் மட்டும் எப்படி வரும்?

எனவே பயிற்சியைத் தமிழில் ஆரம்பித்தேன். முதல் பாடம், மூன்றாவது தோசை. “இன்னொண்ணு போடட்டுமா?” என்று கேட்பேன். அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். “இல்லம்மா... பரவால்லம்மா...” என்று இழுத்துக்கொண்டே தட்டை நீட்டினாள். இரண்டாவது பாடம், பக்கத்து வீட்டு சரோஜாக்கா. பலாப்பழம் கொடுப்பார், மறுத்துவிட்டு வா என்று அனுப்பினேன். பாதிப் பழத்தோடு வந்தாள். கூடவே சுளையை உரிக்க எண்ணெயும் கொடுத்தனுப்பியிருந்தார். தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சேலத்திலிருந்து என் அண்ணன் வந்தார். செங்கோடண்ணன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. புது வீடு கட்டியிருக்கிறார், கிரகப்பிரவேசம்.

“மருமவதான் விளக்கெடுத்துட்டு மொதல்ல ஊட்டுக்குள்ள வரோணும். அவ வராம நான் பால் காச்ச மாட்டேன்,” என்றார்.

பத்திரிகையைப் பார்த்தேன். தேர்வு நாள். அதே நாள்!

விடியற்காலை முகூர்த்தம். அது முடிந்து சேலத்திலிருந்து மலையேறி வந்து, காலை எட்டு மணிக்குள் தேர்வு அறையில் இருக்க வேண்டும். மே மாதம், ஏற்காட்டுக்குச் சீசன். ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒரு டூரிஸ்ட் பஸ் திரும்ப முடியாமல் நின்றால், அத்தனை வண்டியும் நிற்கும். எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரருக்குத் தெரியாதா?

“ஆகட்டுங்க மச்சான்,” என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். “பாத்துக்கலாம்ண்ணா,” என்று வந்தது. எனக்கே என் மேல் எரிச்சல்.

பூரணி காபி டம்ளரை மாமா முன்னால் வைத்தாள். நிமிர்ந்தாள்.

“மாமா, அன்னிக்கு என்னால வர முடியாதுங்க.”

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். மலை மேல் இருக்கிற எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது. இருந்திருந்தால் அதைப் பார்த்திருப்பார். வெறும் கூரையைப் பார்த்தார்.

“அன்னிக்குத்தானுங்க எனக்கு ஸ்பானிஷ் பரீட்சை. விட்டா ஒரு வருசம் போயிருமுங்க. தேதிய மாத்த முடிஞ்சா நான் வந்து விளக்கெடுக்கறனுங்க. மாத்த முடியலீன்னா மறுநா வந்து, அத்த கையால சாப்பிட்டுட்டு, ஊட்ட முழுசா சுத்திப் பாத்துட்டு வர்றனுங்க.”

மறுப்பு, காரணம், மாற்று நாள். மூன்றும் வந்துவிட்டன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவாரோ என்ற பயமும் கூடவே.

அவர் காபியை நிதானமாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்கே அந்தத் தேதி நொம்பச் சங்கடந்தான் கண்ணு. டைல்ஸ் பாதி போடல. பாத்ரூமுக்குக் கதவு வரல. ஜோசியரு குறிச்சுக் குடுத்துட்டாரு. அவரு மூஞ்சிக்கு நேரா எப்புடிச் சொல்றதுன்னு பத்திரிக்கையும் அடிச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு, போனை எடுத்து ஜோசியர் எண்ணை அழுத்தி பூரணியிடமே நீட்டினார். “நீயே சொல்லிப் போடு சாமி.”

சொன்னாள். வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து — அதை மட்டும் விடவில்லை — அப்புறம் தெளிவாகச் சொன்னாள். ஜோசியர் வைகாசி கடைசியில் இன்னொரு நல்ல முகூர்த்தம் இருப்பதாக உடனே சொன்னார். குரலில் ஒரே நிம்மதி. அந்த விடியற்காலைக்கு இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களிடமும் ‘வந்தர்றனுங்க’ என்று ஒப்புக்கொண்டு, முழித்துக்கொண்டிருந்தாராம் மனுஷன்.

தேர்வு நாள் வந்தது. முடித்துவிட்டு வெளியே வந்தவளிடம் ஓடினேன். “என்ன கேட்டாங்க?”

“சொல்ல முடியாதும்மா. ரெண்டு நாள் வெளியில பேசக் கூடாதுன்னு ரூல். நாளன்னிக்கு ராத்திரி சொல்றேன்.”

பெற்ற தாயிடமே. ஆனால் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

சொன்னபடியே சொன்னாள். உரையாடலில் ஒரு நண்பன் ஊர்த் திருவிழாவுக்கு அழைக்கிறானாம். பதில்? அழைப்பைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமாம்! ஒரு மாதமாக மறுக்கத்தானே பழக்கினோம்? “ஐயோ, நீ என்னடி பண்ணின?”

“வர்றேன்னு சொல்றது நமக்குப் பொறந்ததுலேர்ந்தே வருமேம்மா,” என்றாள்.

வைகாசியில் விளக்கெடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குள் முதலில் நுழைந்தாள். பாத்ரூமுக்குக் கதவும் வந்திருந்தது.

போன வாரம் ரிசல்ட். ஐந்துக்கு ஐந்து. அவள் போனில் சொன்னபோது நான் நூலகத்தில் இருந்தேன். சத்தம் போடாதீர் என்று அங்கே பலகை எழுதி மாட்டியவள் நான். நானே கத்திவிட்டேன். வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஸ்டெல்லா டீச்சர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

சீட் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் கல்லூரிக்குக் கிளம்புகிறாள். நேற்று பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போயேன் என்று கேட்க வாயெடுத்தேன்.

கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று தெரியும்... பழக்கிவிட்டதே நான்தானே.