டெரிக் மாஸ்டரும் அவருடைய பொம்பரும்

டெரிக் மாஸ்டர் செத்துப்போனார். பலெர்மோவிலிருந்து ரதி இப்போதுதான் மெசேஜ் போட்டாள்... "அக்கா, உங்கடை மாஸ்டர் போயிட்டார்."

"என்ரை மாஸ்டரோ? உனக்கும் அவர்தானேடி இங்கிலீஷ் படிப்பிச்சவர்!" என்று சண்டைக்குப் போனேன். பிறகு குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த நாங்கள் இத்தாலியின் பலெர்மோவில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தோம். எல்லோருக்கும் கனவு ஒன்றுதான், கனடா. அதற்கு இங்கிலீஷ் வேண்டும்.

பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு மேல்மாடி அறை, ஞாயிறு பின்னேரம் கிளாஸ். இந்த இங்கிலீஷ்காரர் சும்மாவே படிப்பித்தார். சும்மா என்று சந்தோஷப்பட்டது எங்கள் மடத்தனம்.

மனிசன் ஒரு பொம்பரை, குண்டு போடுகிற விமானத்தைப் பற்றித்தான் கதைப்பார்! இன்டர்வியூவுக்கு என்ன சொல்வது என்று கேட்டால் பொம்பர். மழை பெய்தால் பொம்பர். தேத்தண்ணி குடிக்கும்போதும் பொம்பர்.

அவருடைய அப்பா உலக யுத்தத்தில் அந்தப் பெரிய பொம்பரில் வயர்லெஸ்காரராக இருந்தவர். பலெர்மோ துறைமுகத்துக்குக் குண்டு போட வந்த இடத்தில் அது அடிபட்டு, ஏழு பேரோடும் கடலில் விழுந்தது. மாஸ்டர் அப்போது தாயின் வயிற்றில்.

ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு என்ன நடந்தது என்று யாராவது சொல்வார்களா என்று தேடித்தான் இந்த ஊருக்கு வந்து குடியேறினார்.

சரி, பாவம்தான். அதற்கு நாங்கள் என்ன செய்ய? கதிரைகளை வரிசையாகப் போட்டு எங்களை விமானத்தில் இருத்துவார். நீ பைலட், நீ பின்னால் துவக்கோடு இருக்கிறவன்... எனக்குக் குண்டு போடுகிறவன் வேலை. குப்புறப் படுக்க வேணுமாம்! "பாவாடையோடை நான் படுக்க ஏலாது மாஸ்டர்" என்றுவிட்டேன்.

ஒருநாள் எங்களோடு படித்த குகன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. ஊரில் வீட்டின்மேல் விழுந்த குண்டுக்குத் தங்கச்சியைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர் அவர். தமிழிலேயே கத்தினார்.

"பொம்பர் சத்தம் கேட்டால் நாங்கள் பங்கருக்குள்ளை ஓடுவம். மேலை இருக்கிறவன் ஆர், அவனுக்குப் பிள்ளை பிறக்கப்போகுதோ எண்டு ஆர் கேட்டது?"

மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அவன் சொன்னதை ஒரு சொல்லும் மாத்தாமல் சொல்லு." சொன்னேன். முகம் சிவந்துபோய், "என்ரை அப்பா நல்லவர்" என்றார்.

"என்ரை தங்கச்சியும் நல்லவள்தான்" என்று குகன் அண்ணை எழும்பிப் போனார். அதையும் மாஸ்டர் என்னைச் சொல்ல வைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன பாவம் செய்தேன்!

பிறகு என் வாய்தான் சனி. நான் வேலை செய்த, கடலோரக் கால்சாப் பகுதி வீட்டுக்காரச் சின்யோரா ஒருநாள், "கீழை கிழிஞ்ச வலை பொத்துற தோத்தோ கிழவன் அந்த விமானம் விழேக்கை கடலிலை நிண்டவன்" என்றா. அதை நான் போய் மாஸ்டரிடம் சொன்னேன்.

அவ்வளவுதான். ஞாயிறு காலையும் துலைந்தது. மாஸ்டருக்கு இத்தாலியனே அரைகுறை, தோத்தோ கதைப்பது தனிச் சிசிலியன். ஆகவே வேலை வீட்டில் அது பழகிய நான்தான் மொழிபெயர்க்க இழுபட்டேன்.

தோத்தோ மீனைப் பற்றிக் கதைப்பார், முழங்கால் நோவைப் பற்றிக் கதைப்பார், மருமகளைத் திட்டுவார். விமானம் என்றால் வாய் திறக்க மாட்டார். மாஸ்டரும் விடுகிற ஆள் இல்லை. எனக்கோ வீட்டில் ஒரு கிழமை உடுப்பு தோய்க்கக் கிடந்தது.

கடைசியில் ஒருநாள் வலை ஊசியைக் கீழே வைத்தார் தோத்தோ.

"நானும் அப்பாவும் படகிலை. மூண்டு நாலு பேர் உயிரோடை கிடந்து கத்தினவங்கள். நல்லாக் கேட்டது. முதல்நாள் போட்ட குண்டிலைதான் என்ரை அம்மா செத்தவ. அப்பா துடுப்பை எடுத்துப் படகுக்குள்ளை வைச்சார். நானும் வைச்சன்."

பிறகு, "சத்தம் நிக்குமட்டும் நிண்டனாங்கள்" என்றார்.

எனக்கென்றால், "அவருக்கு ஒண்டும் ஞாபகமில்லையாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்தாதை" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மாஸ்டர் கிழவரை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தோத்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"அவருக்குச் சொல்லு" என்றார் மாஸ்டர். "அந்தப் படகிலை நான் நிண்டிருந்தால் நானும் காப்பாத்தப் போயிருக்க மாட்டன் எண்டு சொல்லு."

சொன்னேன். அந்தக் கிழவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குழந்தைப் பிள்ளை போல அழுதார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டேன். "உண்மையாவோ மாஸ்டர்? போயிருக்க மாட்டீங்களோ?"

"உனக்கென்ன விசரா?" என்று நடுத்தெருவில் என்மேல் பாய்ந்தார். "நான் நீந்தியெண்டாலும் போயிருப்பன்!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒரு சொல்லும் மாற்றாதே, மாற்றாதே என்று என் உயிரை எடுத்த மனிசன்! "பிறகேன் பொய் சொன்னனீங்கள்? அதுவும் என்ரை வாயாலை?"

பஸ் வந்தது, ஏறினோம். சீசாவில், என் வீட்டடியில், நான் இறங்கும்வரை மாஸ்டர் கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

போங்கோ மாஸ்டர். அங்கை அப்பாவைக் கண்டால் அவரையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோ.