செங்கோடன் திரும்பி வந்த பக்கம்

1. தாள் இல்லாத புத்தகம்

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி இருக்கும். செல்வமணி அக்கா ஒரு தடித்த புத்தகத்தை என் மேசையில் வைத்து, "மிஸ், இதுல நடுவுல தாள் இல்லீங்க" என்றார்.

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு சின்னப் பொது நூலகத்தில் நான் இருபத்தாறு வருடம் நூலக உதவியாளராக இருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. எங்கள் நூலகர் மேடம் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அதனால் தமிழ்ப் பகுதியில் என்ன பிரச்சினை வந்தாலும் நான் சொல்வதுதான் முடிவு. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு பிழையை, இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

செல்வமணி அக்கா பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். காலையில் வெட்டிய பாலைப் பகலில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, வாரத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் வருவார். மாயாஜாலக் கதைகள்தான் அவருக்கு வேண்டும். அந்த நேரம் எங்கள் தமிழ்ப் பகுதியில் அதிகம் கைமாறியது ஐந்து பாகமுள்ள ஒரு தொடர்கதை. பெயரைச் சொல்லப்போவதில்லை. எழுதியவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அக்கா கொண்டுவந்தது மூன்றாம் பாகம். அதில் இளவரசனின் அண்ணன் செங்கோடன் பனி ஏரியில் விழுந்து செத்துப்போகிறான். உடலை எடுத்து எரிக்கிறார்கள். அவன் மனைவி சாம்பலைச் செப்புக் குடத்தில் எடுத்துக்கொண்டு மலை தாண்டிப் போகிறாள். அடுத்த அத்தியாயத்திலேயே அதே செங்கோடன் கோட்டை வாசலில் குதிரைமேல் உட்கார்ந்து கட்டளை போடுகிறான். யாரும் ஆச்சரியப்படவில்லை. மனைவி வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள்.

"அவன் எப்படித் திரும்பி வந்தான்னு எழுதுன தாள் மட்டும்தாங்க விழுந்திருக்கு" என்றார் அக்கா.

நானும் அந்த இடத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. பக்க எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் புத்தகம் புதிதாக பைண்ட் செய்யப்பட்டிருந்தது. ஓரம் வெட்டியபோது அடியில் இருந்த எண்களையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். அத்தியாயங்களுக்குத் தலைப்பு மட்டும்தான், எண் இல்லை.

2. அரை நிமிடம்

அதை பைண்ட் செய்து கொண்டுவந்தவர் ஃபரீட் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். அவரும் இந்தத் தொடரை விடாமல் வாசித்தவர். மூன்றாம் பாகம் அவர் கையில் இருந்தபோது முதுகு பிரிந்துவிட்டது. எங்களிடம் சொல்லாமல், உதவியாக இருக்கட்டும் என்று, கேகாலையில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்து, தடித்த அட்டை போட்டுத் திருப்பித் தந்திருந்தார். அன்றைக்கு நான் நன்றி சொல்லித்தான் வாங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். வாசிப்பு மேசையில் பேப்பர் பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் கேட்டேன். "நூலகத்துப் புத்தகத்தைக் கேக்காம வெளியில கொண்டுபோய், தாளையும் தொலைச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி குடுத்திருக்கீங்களே நானா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மெம்பர் கார்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மறுத்துப் பேசாதது எனக்கு வசதியாக இருந்தது. மேடமிடம் சொன்னேன், கார்டை ஆறு மாதம் நிறுத்தினோம். எல்லாம் அரை நிமிட வேலை.

3. அதே வரிகள்

செல்வமணி அக்கா விடவில்லை. ஒவ்வொரு வாரமும் வந்து, அந்தத் தாள் கிடைத்ததா என்று கேட்டார். கடைசியில் நானே மூன்றாம் பாகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் முதலிலிருந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் குழப்பம் கூடியது. முதல் பாகத்தில் கப்பலில் ஏழு மாதம் போன தீவுக்கு இதில் காலையில் புறப்பட்டு மத்தியானம் போய்ச் சேர்கிறார்கள். பார்வை இல்லாத குரு ஒருவர் வந்த கடிதத்தைத் தானே பிரித்து வாசிக்கிறார். எனக்கு வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று நினைத்து, முந்தின இரண்டு பாகத்தையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் மறக்கவில்லை. இத்தனை இடத்திலுமா தாள் விழுந்திருக்கும் என்று யோசித்தேன். அப்படி யோசித்தும், புத்தகத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அச்சடித்து, அட்டை போட்டு, நாங்கள் சீல் குத்தி அடுக்கிவைத்த புத்தகம் அல்லவா.

என்னோடு பயிற்சி எடுத்த தோழி ஒருத்தி ஹட்டன் பக்கம் ஒரு நூலகத்தில் இருந்தாள். அங்கே மூன்றாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டு, அந்த இடத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஆறு படம் வந்தது. ஓரம் வெட்டாத பக்கங்கள். 212, 213, 214 என்று எண்கள் வரிசையாக இருந்தன. எங்கள் புத்தகத்தில் இருந்த அதே வரிகள்தான். ஒரு சொல்கூடக் கூடுதலாக இல்லை. குடத்துச் சாம்பல், கோட்டை வாசல், குதிரை, சாப்பிட்டீர்களா.

அடுத்த செவ்வாய்க்கிழமை படங்களை அக்காவிடம் காட்டினேன். அந்தப் புத்தகத்திலும் தாள் விழுந்திருக்குமோ என்று கேட்டார். எண்களைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"அப்ப எழுதவே இல்லீங்களா?"

"இல்லக்கா."

"எங்க வீட்டுக்காரர் தவறிப்போய் ஒன்பது வருஷமாச்சுங்க மிஸ். அவர் இப்ப வாசல்ல வந்து நின்னா, நான் சாப்பிட்டீங்களான்னா கேப்பேன்?"

அக்கா அந்தத் தாளை ஏன் அத்தனை வாரம் தேடினார் என்று அப்போதுதான் புரிந்தது.

4. துணிக்கடை

அன்றைக்கே நானாவின் கடைக்குப் போனேன். ஒரு பெண்ணுக்குத் திரைச்சீலைத் துணி அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். அவள் போகும்வரை காத்திருந்தேன். படங்களைக் காட்டி, தாள் எதுவும் தொலையவில்லை, நான்தான் பிழையாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழம்பிப்போய்த்தான் நின்றார்.

"பைண்ட் பண்ணின பொறகு வாசிச்சப்ப நானும் அந்த இடத்துல முட்டிக்கிட்டேன் மிஸ். பைண்டிங்ல தாள் உழுந்து ஈக்கும்ண்டு நெனச்சேன். ஒங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு. கேகாலைக்கு ரெண்டு தரம் போய், அந்தாள்ற கழிவுத் தாள் சாக்கெல்லாம் கொட்டித் தேடினேன்."

அதனால்தான் நான் அத்தனை பேர் முன்னால் கேட்டபோது அவர் ஒன்றும் பேசவில்லை. குற்றம் தன்னுடையது என்று அவரே நம்பியிருந்தார்.

கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் கல்லாவுக்குள் வைத்தார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்: "அப்ப அவன் எப்பிடித்தான் வந்தான்?"

எனக்குத் தெரியாது என்றேன். நான்காம் பாகத்திலும் ஐந்தாம் பாகத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன், இன்றைக்கும் தெரியாது.

மேடமிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க அதைப் படிச்சுட்டுத்தானே என்கிட்ட சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நானா இரண்டு மாதம் வரவில்லை. வந்த அன்று வாசிப்பு மேசையில் ஆட்கள் இருந்த நேரமாகப் பார்த்து, எழுந்து நின்று இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று கையசைத்துவிட்டு, செங்கோடன் கதை இருந்த தட்டைத் திரும்பியும் பார்க்காமல், மீன் வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

பிள்ளைகளே, ஒரு வாசகர் வந்து கதையில் ஏதோ குறைகிறது என்று சொன்னால், முதலில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாசியுங்கள். இரண்டு மூன்று நாள் போகும், போகட்டும். நாங்கள் மூன்று பேர், மூவரும் வாசிக்கிறவர்கள். ஒருவர் தாளைத் தேடினார், ஒருவர் தன்னைக் குற்றம் சொன்னார், நான் அடுத்தவரைக் குற்றம் சொன்னேன். எழுதியவர் எழுதாமல் விட்டிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி யாரும் இதற்காக யாரையும் சந்தேகப்படக்கூடாது என்று, மூன்றாம் பாகத்தின் உள்ளட்டையில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்: 'இப்புத்தகத்தில் பக்கம் எதுவும் குறையவில்லை.' சில மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தபோது, அதன் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'அப்படியென்றால் எப்படி?'

நூலகப் புத்தகத்தில் பென்சில் எழுத்தைக் கண்டால் அழித்துவிட வேண்டும் என்பது விதி. இருபத்தாறு வருடத்தில் நான் அழிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.