பேசும் லினக்ஸைத் தேடியவள்

உங்களுக்கு வந்த கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் இன்னொருவர் உரக்கப் படித்தால் சும்மா இருப்பீர்களா? ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் அந்த நாற்பது வயதுக்காரி மட்டும் சும்மா இருக்க வேண்டுமாம். அவளுக்குக் கண் தெரியாதே, அதனால்.

படித்தவன் அவளுடைய அண்ணன். வீட்டுக் கணினியை அமைத்தவன் அவன். கடவுச்சொல்லும் அவன் வைத்ததுதான். தனியாகத் தங்க விடுதியில் இடம் கேட்டிருந்தாள். அதற்கு மின்னஞ்சலில் வந்த பதிலைத்தான் சோற்றைப் பிசைந்தபடி படித்தான்.

"இங்க என்னம்மா குறை உனக்கு?" என்றாள் அண்ணி.

அந்த வாரமே கணினியின் பழைய இயங்குதளமும் படுத்துவிட்டது.

"நானே புதுசா போட்டுத் தர்றேன்" என்றான் அண்ணன்.

"வேண்டாம்ணா. நானே போட்டுக்கறேன்."

"நீயா? எதைப் பார்த்து?"

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதென்று முடிவு செய்தாள். யாரிடமும் கைகட்டி நிற்காமல் நகலெடுத்துக்கொள்ளலாம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலும் கூடவே வரும். ஆனால் லினக்ஸில் டஜன் கணக்கில் வகைகள். கணினி மன்றத்துக்காரர் ஒருவருக்குப் போன் செய்தாள். எந்நேரமும் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம் போட்ட சட்டையிலேயே திரிவதால் அவர் பெயரே பென்குயின்.

"எது நல்லது சார்?"

"உங்க கண்ணுக்கு எது அழகா இருக்கோ அதுதான்."

"என் கண்ணுக்கு எல்லாம் ஒரே அழகுதான் சார். போடும்போதே பேசுறது எது?"

"இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்ல."

கேட்டிருப்பார்கள். இவர் காதில் விழுந்திருக்காது.

அவர் நான்கு வகைகளை நான்கு பென்டிரைவ்களில் ஏற்றிக் கொடுத்தார். தடவி அடையாளம் காண அவள் ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, ஒன்றிலிருந்து நான்கு வரை முடிச்சுப் போட்டுக்கொண்டாள். முதலாவதைச் செருகிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். விசிறி சுற்றியது, பெட்டி சூடானது, வாய் மட்டும் திறக்கவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அதே கதை. நான்காவது ஒரு தடவை 'பீப்' என்றுவிட்டு அடங்கியது. அதன் கையேட்டைப் படிக்கும்படி கைப்பேசியிடம் சொன்னாள். பத்தி பத்தியாகப் பின்னணிப் படங்களின் பெருமை. எல்லாம் தீர்ந்தபின் அடியில் ஒரே வரி: ஒலி கேட்டதும் எஸ் விசையை அழுத்தி, பிறகு என்டரை அழுத்தவும்.

அழுத்தினாள். குரல் வந்தது. மொழி கேட்டது, வட்டு கேட்டது, கடவுச்சொல் கேட்டது. முதல்முறையாகத் தன்னுடையதைத் தட்டினாள், இரண்டு தடவை. கணினி மறுபடி தொடங்கியது. தொடங்கி, ஊமையாக நின்றது.

கால் மணி நேரம் எல்லா விசைகளோடும் மல்லுக்கு நின்றாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "அண்ணா, திரையில என்ன இருக்கு?"

"கடவுச்சொல் கேக்குது. சொல்லு, அடிக்கிறேன்."

"நீ அந்தப் பக்கம் திரும்பு."

"நான் என்ன திருடனா?"

"திருடன் எடுத்துட்டுப் போயிடுவான்ணா. மேசையில வெச்சுப் படிக்க மாட்டான்."

அவன் திரும்பி நின்றான். அவள் தட்டினாள், குரல் மீண்டும் வந்தது. அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. யார் கண் வேண்டாம் என்று இத்தனை பாடுபட்டாளோ, ஒரே ஒரு வரிக்காக அந்தக் கண்ணையே கூப்பிட வேண்டியதாயிற்று. கடவுச்சொல் கேட்கும் அந்தத் திரைக்கு நிறம் தேர்ந்தெடுக்க எத்தனையோ பேர் உட்கார்ந்து விவாதித்திருப்பார்கள். ஓர் ஒலி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை யாரும் திருத்தலாம் என்று பெருமை பேசுகிறோம். அப்படியானால் ஒன்று செய்யுங்கள். இன்றே உங்கள் திரையை அணைத்துவிட்டுக் கணினியைத் தொடங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் முட்டி நிற்கிறீர்களோ, அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு அந்த இடத்தை எழுதி அனுப்புங்கள்.